குட்டி எடுக்கப் பாம்பைக் குளிரில் போட வேண்டுமா?

கேள்வி: எங்களிடம் வெளிநாட்டு வளர்ப்புப் பாம்புகளான கோர்ன் ஸ்னேக் ஒரு சோடியும் போல் பைத்தன் ஒரு சோடியும் இருக்கின்றன. கோர்ன் பெண்ணுக்கு நான்கு வயது, 410 கிராம். ஆண் 290 கிராம். போல் பைத்தன் பெண் 1,350 கிராம், ஆண் 700 கிராம். இரண்டு வருடமாகச் சோடி சோடியாக ஒரே பெட்டியில்தான் வைத்திருக்கிறோம். ஒரு முட்டைகூட வரவில்லை. குளிரில் வைத்து எடுத்தால்தான் பாம்பு இணைசேரும் என்று கேள்விப்பட்டு, போன டிசெம்பர் கடைசியில் பெட்டிக்கு அடியில் சூடு தரும் ஹீட் மேட்டைக் கழற்றிவிட்டு நான்கையும் ஒரு மாதம் பின்னறையில் வைத்தோம். அங்கே இரவில் 13 பாகை, பகலில் 22 பாகை. கோர்ன் பெண் தின்ற எலியைக் கக்கிவிட்டது. போல் பைத்தன் ஆணுக்கு மூக்கில் சளி வந்தது, மூச்சு விடும்போது சத்தமும் கேட்டது. இன்னும் முழுதாகச் சரியாகவில்லை. இந்த வருடம் எப்படிச் செய்வது டொக்டர்? பிரிட்ஜில் வைக்கலாம் என்றும் சிலர் சொல்கிறார்களே?
தலவாக்கலை வாசகர் ஒருவர்

பதில்:

அன்பின் வாசகருக்கு,

போல் பைத்தனுக்குக் குளிர் வேண்டாம். இந்த வருடம் மட்டுமல்ல, எந்த வருடமும் வேண்டாம். கோர்ன் ஸ்னேக்குக்குக் குளிர் கொடுக்கலாம். கொடுக்காமலும் முட்டை எடுக்கலாம். போன ஜனவரியில் நீங்கள் கொடுத்தது இரண்டுக்குமே ஒத்துவராத ஒன்று. அது பாம்பைத் தூங்கவும் விடாது, தின்றதைச் செரிக்கவும் விடாது. அதை அரைக்குளிர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எலியைக் கக்கியதும் மூக்கில் சளி வந்ததும் அதனால்தான்.

குளிர் எதற்கு என்பதிலிருந்து வருவோம். கனடாவில் மனிடோபா மாநிலத்தின் நார்சிஸ் என்ற இடத்தில் சுண்ணாம்புக்கல் வெடிப்புகளுக்குள் பல்லாயிரக்கணக்கான கார்ட்டர் பாம்புகள் குளிர்காலம் முழுக்க ஒன்றாகக் கிடக்கும். வசந்தத்தில் வெளியே வந்ததும் பந்து பந்தாகப் பிணையல் போடும். அந்த ஆண் பாம்புகளின் விந்து அப்போது உண்டாவதில்லை. போன கோடையிலேயே உருவாகி உடலுக்குள் சேமிக்கப்பட்டிருக்கும். இணைசேரும் வேகத்தைக் கிளப்புவதும் அந்த நேரத்து ஆண் ஹோர்மோன் அல்ல. நீண்ட குளிரும் அதன் பின்னால் வரும் சூடும்தான் அதைத் தொடங்கிவைக்கின்றன. இப்படிப்பட்ட பாம்புக்குக் குளிர் இல்லாவிட்டால் இனப்பெருக்கமே நடக்காமல் போகலாம். வட அமெரிக்காவின் கிங் ஸ்னேக், புல் ஸ்னேக், வடக்குப் பகுதி ரட் ஸ்னேக் போன்றவையும் குளிர் கண்டு பழகிய இனங்கள். வளர்ப்பவர்கள் அவற்றை வழக்கமாகக் குளிரூட்டித்தான் சேர்ப்பார்கள்.

கோர்ன் ஸ்னேக் இவற்றுக்கு உறவு என்றாலும் வளைந்து கொடுக்கும். அதன் சொந்த நிலம் தென் நியூ ஜேர்சியிலிருந்து புளோரிடாவின் தென்கோடித் தீவுகள் வரை நீள்கிறது. வடக்கு முனையில் மாதக்கணக்கில் நிலத்துக்குள் கிடக்கும். தெற்கு முனையில் குளிர் அலை வந்த சில நாட்கள் மட்டும் ஒதுங்கியிருந்துவிட்டு மறுபடி இரை தேடும். இரண்டு இடத்திலும் முட்டை இடுகிறது. உங்கள் கையிலிருப்பது பல தலைமுறையாகப் பெட்டியிலேயே பிறந்த பாம்பின் வாரிசு. ஆகவே கோர்னுக்குக் குளிர் ஒரு நிபந்தனை அல்ல, காலத்தைச் சொல்லும் அடையாளம். ஆணும் பெண்ணும் ஒரே நேரத்தில் தயாராவதற்கு அது உதவும். வருடம் முழுக்க ஒரே சூடு, ஒரே வெளிச்சம், ஒரே அளவு தீனி என்று இருந்தால் பெண்ணின் சினைமுட்டை ஒரு மாதத்தில் திரளும், ஆணுக்கு ஆர்வம் வேறு மாதத்தில் வரும். அப்படி இணைசேர்ந்தாலும் மஞ்சளாய்ச் சுருங்கிய வெற்று முட்டைகளே மிஞ்சலாம்.

இலங்கை மலையகத்தில் இந்த அடையாளம் தானாகக் கிடைப்பதில்லை. நாம் இருப்பது வட அகலாங்கு 7 பாகையில். வருடத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இங்கே ஏறக்குறைய 50 நிமிடந்தான் வித்தியாசம். குளிரும் அப்படியே: ஜனவரியில் நுவரெலியாப் புல்வெளியில் உறைபனி விழும் நாளிலும் பதினொரு மணிக்கு வெயில் சுள்ளென்று அடிக்கும். நமது குளிர் இரவோடு வந்து பகலோடு போவது. தகரக் கூரை போட்ட லயக் காம்பராவில் இந்த ஏற்ற இறக்கம் இன்னும் மோசம். உங்கள் பின்னறையின் 13, 22 என்ற இரண்டு எண்களுமே இதைச் சொல்லிவிடுகின்றன. 13 பாகையில் கோர்ன் ஸ்னேக் அசையாமல் கிடக்கும், உடலில் செலவும் மிகக் குறைவு. 22 பாகையில் அது விழித்துக்கொள்ளும், ஊர்ந்து திரியும், சேமித்த கொழுப்பைச் செலவழிக்கும். ஆனால் எலியைச் செரிக்க 27, 28 பாகை கிடைக்கும் ஓர் இடம் வேண்டும். அது இல்லையென்றால் வயிற்றில் கிடக்கும் எலி செரிப்பதற்கு முன் அழுகும். நல்ல காலத்துக்கு உங்கள் பாம்பு கக்கியது. கக்காமல் உள்ளேயே அழுகியிருந்தால் அதன் உயிரே போயிருக்கும். நோய் எதிர்ப்புச் சக்தியும் சூட்டோடுதான் ஏறி இறங்கும். வாயிலும் மூக்கிலும் எப்போதும் இருக்கும் பக்டீரியாக்கள் 20 பாகையில் சுகமாகப் பெருகும். அவற்றை எதிர்க்க வேண்டிய பாம்பின் உடலோ அந்தச் சூட்டில் அரைத் தூக்கத்தில் இருக்கும். அதோடு மலை மூட்டத்தின் ஈரமும் சேர்ந்தால் சளிக்கு வேறு எதுவும் தேவையில்லை.

பிரிட்ஜ் கதையை இங்கேயே முடித்துவிடலாம். வீட்டுப் பிரிட்ஜ் 3 முதல் 5 பாகைக்கு அமைக்கப்பட்டது. அது கோர்ன் ஸ்னேக்குக்கும் ஆபத்து, போல் பைத்தனுக்கு மரணம். வெளிநாட்டில் சிலர் பாவிப்பது 10 முதல் 14 பாகையில் நிறுத்திவைக்கக்கூடிய, வைன் போத்தல் வைக்கும் சிறிய குளிர்ப்பெட்டியான வைன் கூலர். அந்தச் செய்தி கைமாறிக் கைமாறி நம் ஊருக்கு வருவதற்குள் ‘பிரிட்ஜ்’ ஆகிவிட்டது.

இனி உங்கள் பாம்புகளுக்கு வருவோம். இரண்டு வருடம் முட்டை வராததற்குக் குளிரைச் சந்தேகிப்பதற்கு முன் ஒன்றைப் பாருங்கள்: அந்தச் சோடி உண்மையிலேயே சோடிதானா? இரண்டும் பெண்ணாக, அல்லது இரண்டும் ஆணாக இருப்பது அடிக்கடி நடக்கும் சங்கதி. வால் நீளத்தை வைத்து ஓரளவு ஊகிக்கலாம். கோர்ன் ஆணின் வால் நீளமாக, கழிவுத் துவாரத்துக்குப் பின்னால் கொஞ்ச தூரம் தடிப்புக் குறையாமல் போகும். பெண்ணின் வால் சட்டென்று ஒடுங்கும். உறுதியாகத் தெரிய, மழுங்கிய முனையுள்ள மெல்லிய கம்பியைத் துவாரத்திலிருந்து வால் பக்கமாகச் செலுத்திப் பார்ப்பார்கள். பெண்ணில் இரண்டு மூன்று செதில் தூரத்தில் நின்றுவிடும், ஆணில் அதைவிட வெகு தூரம் போகும். இதை நீங்கள் செய்ய வேண்டாம். அழுத்தம் கொஞ்சம் கூடினாலும் உள்ளே கிழியும், ஆணென்றால் அதன் பிறகு இணைசேரவே முடியாமல் போகலாம். பழக்கமுள்ள மிருக வைத்தியரிடம் விடுங்கள்.

இரண்டாவது காரணம், எந்நேரமும் ஒன்றாக வைத்திருப்பது. பாம்பு துணை தேடும் பிராணி அல்ல. இணைசேரும் காலம் தவிர மற்ற நேரமெல்லாம் பக்கத்தில் இன்னொரு பாம்பு இருப்பது அதற்குத் தொல்லை. ஒன்று சூடான மூலையைப் பிடித்துக்கொள்ளும், மற்றது குளிரான மூலையில் ஒடுங்கும், தீனி குறையும். ஆணும் பெண்ணின் வாசனைக்குப் பழகி ஆர்வம் இழந்துவிடும். நான்கையும் நான்கு பெட்டியில் பிரியுங்கள். இதற்காகக் குளிர்காலம் வரை காத்திருக்க வேண்டாம், இன்றைக்கே செய்யலாம்.

போல் பைத்தன்

இதன் ஊர் கானா, டோகோ, பெனின் முதலான மேற்கு ஆபிரிக்க நாடுகளும் அவற்றுக்குக் கிழக்கே மத்திய ஆபிரிக்காவின் ஒரு பகுதியும். கரையான் புற்றிலும் எலி வளையிலும் பகலைக் கழிக்கும் வெப்ப நிலப் பாம்பு அது. குளிரில் தூங்கும் வழக்கமே அதற்கு இல்லை. இனப்பெருக்கக் காலத்தில் அதற்குத் தேவையான மாற்றம் மிகச் சிறியது. நவம்பரிலிருந்து பெப்ரவரி வரை பகலில் சூடான மூலை 31, 32 பாகையில் அப்படியே இருக்கட்டும். இரவில் பெட்டியின் காற்று 26, 27இலிருந்து 24க்கு இறங்கினால் போதும். 22க்குக் கீழே ஒரு நாளும் போகக் கூடாது. சமவெளியில் வளர்ப்பவர்கள் எப்படி இறக்குவது என்று யோசிக்க வேண்டும். தலவாக்கலையில் நீங்கள் யோசிக்க வேண்டியது 24இல் எப்படிப் பிடித்துவைப்பது என்றுதான்.

அங்கேதான் ஹீட் மேட் ஏமாற்றுகிறது. அது தரையைச் சூடாக்கும், காற்றைச் சூடாக்காது. சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவியான தெர்மோஸ்டாட்டின் உணர்முனை மேட்டின் மேல் இருந்தால் திரையில் 32 என்று காட்டும். அதே நேரத்தில் அறை 13 பாகையானால் பாம்பு மூச்சில் இழுக்கும் காற்று 16, 17தான் இருக்கும். வயிறு வெந்துபோகும் அளவுக்குச் சூடு, நுரையீரலுக்குள் குளிர்! மேட் தொடர்ந்து இருந்த மாதங்களிலும் உங்கள் ஆண் பாம்பு குணமாகாததற்கு இதுவே காரணமாக இருக்கலாம். பாம்பின் கால் பாம்பறியும் என்பார்கள். பாம்பின் குளிரை நாம் அறிய, அது படுக்கும் உயரத்தில் ஒரு தெர்மோமீட்டர் வேண்டும். இரவின் குறைந்த அளவையும் பகலின் கூடிய அளவையும் நினைவில் வைக்கும் டிஜிட்டல் வகையை வாங்குங்கள். ஒவ்வொரு பெட்டியிலும் குளிர்ப் பக்கத்தில் ஒன்று, சூட்டுப் பக்கத்தில் ஒன்று.

பெட்டிக்கு 12 மில்லிமீற்றர் பலகை போதும். 120 சென்ரிமீற்றர் நீளம், 60 அகலம், 45 உயரம் வைத்துக்கொள்ளுங்கள். முன்பக்கம் மட்டும் கண்ணாடி. மற்ற எல்லாப் பக்கத்திலும் வெளிப்புறமாக 25 மில்லிமீற்றர் ரெஜிபோம் ஒட்டுங்கள். உள்ளே ஒட்டினால் பாம்பு சுரண்டும், நனையும், பூச்சி குடியேறும். சூட்டுக்கு வெளிச்சம் தராத 150 வொட் செராமிக் ஹீட்டர் ஒன்றைக் கூரையில் கம்பி வலைக் கூட்டுக்குள் பொருத்தித் தெர்மோஸ்டாட்டில் இணையுங்கள். கம்பி வலை இல்லாவிட்டால் பாம்பு அதையே சுற்றிக்கொண்டு வெந்துபோகும். இப்படிக் கட்டிய பெட்டியில் ரெஜிபோம் ஒட்டிய பக்கங்கள் எல்லாம் சேர்ந்து இழக்கும் சூட்டைவிட முன் கண்ணாடி ஒன்றே இழப்பது கூட. ஆகவே இரவில் கண்ணாடிக்கு முன்னால் இன்னொரு ரெஜிபோம் தகட்டைச் சாத்திவிடுங்கள். மின் கட்டணத்திலும் அது தெரியும். ஒரு ஓரத்தில் தாழ்வாகவும் எதிர் ஓரத்தில் உயரமாகவும் சில காற்றுத் துளைகள் போதும். முற்றாக அடைத்தால் ஈரம் தேங்கி வயிற்றுச் செதில் புண்ணாகும்.

பெண் 1,350 கிராம் என்கிறீர்கள். 1,500ஐத் தாண்டட்டும். அதற்குக் கீழே இருப்பதும் சில வேளை முட்டை இடும், ஆனால் இட்ட பிறகு எலும்பும் தோலுமாகி அடுத்த வருடம் முழுக்கத் தேறாமல் கிடக்கும். ஆண் சளியோடு இருக்கும்வரை அதைச் சேர்க்கும் பேச்சே வேண்டாம். எடையும் சுகமும் சரியான பிறகு, நவம்பரிலிருந்து மார்ச் வரை, ஆணைப் பெண்ணின் பெட்டியில் இரண்டு மூன்று நாள் விட்டுப் பிரித்து, பத்துப் பன்னிரண்டு நாள் இடைவெளி விட்டு மறுபடி விடுங்கள். பெண்ணின் நடு உடல் ஒரு நாள் மட்டும் எலியை விழுங்கியதுபோல் தடித்துத் தெரிந்தால் சினைமுட்டை வெளியாகிவிட்டது. அதன் பின் அது ஒரு சட்டை உரிக்கும்; உரித்து ஏறக்குறைய 30 நாளில் முட்டை. வழக்கமாக நான்கு முதல் எட்டு முட்டை வரும்.

கோர்ன் ஸ்னேக்

இதற்கு இரண்டு வழி உண்டு. உங்கள் பெண் போன முறை கக்கிய பாம்பு என்பதால் இந்த வருடம் மெல்லிய வழியைத்தான் சொல்வேன்.

மெல்லிய வழியில் பாம்பை நீங்கள் தூங்கவைக்கப் போவதில்லை. ஒரு புளோரிடாக் குளிர்காலத்தைக் காட்டப்போகிறீர்கள், அவ்வளவுதான். டிசெம்பர் முதல் கிழமையிலிருந்து எட்டுக் கிழமை. பகலில் எட்டு மணி நேரம் சூடான மூலை 28 பாகை, வெளிச்சமும் அந்த நேரம் மட்டும். இரவில் 18 பாகைக்குக் கீழே இறங்காதபடி ஹீட்டரை அமையுங்கள். தீனி 14 நாளுக்கு ஒரு தடவை, வழக்கமான எலியில் பாதி அளவு. தீனி போட்ட பிறகு மூன்று நாள் இரவும் பகலும் 28ஐ விடாதீர்கள். பிறகுதான் இரவுக் குளிர். இந்த ஒன்றைச் சரியாகச் செய்தால் போன ஜனவரி திரும்ப வராது. எட்டுக் கிழமை முடிந்ததும் ஒரே கிழமையில் வழக்கமான சூட்டுக்கு ஏற்றி, பெண்ணுக்கு ஐந்தாறு நாளுக்கு ஒருமுறை நன்றாகத் தீனி கொடுங்கள்.

முழுக் குளிர் வழி அடுத்த வருடத்துக்கு. அதற்கு முன் பெண் குறைந்தது மூன்று வயது, 300 கிராமுக்கு மேல். மலம் சோதித்துக் குடற்புழு இல்லை என்று தெரிய வேண்டும். கடைசி மூன்று மாதத்தில் கக்கியிருக்கக் கூடாது. கடைசித் தீனிக்குப் பிறகு முழுச் சூட்டிலேயே இரண்டு முதல் மூன்று கிழமை வைத்துக் குடலைக் காலியாக்குங்கள். மலம் போனதைக் கண்ணால் கண்ட பிறகே குளிர். பத்துப் பன்னிரண்டு நாளில் படிப்படியாக 24, 20, 16 என்று இறக்கி, 10 முதல் 14 பாகைக்குள் எட்டுக் கிழமை நிறுத்த வேண்டும். இங்கே சவால், பகலின் 22 பாகை உள்ளே வராமல் தடுப்பது. மீன் கடைக்காரர்களிடம் கிடைக்கும் தடித்த ரெஜிபோம் பெட்டி ஒன்றை எடுங்கள். அதற்குள் பூட்டுப் பிடி உள்ள, பக்கங்களில் துளையிட்ட பிளாஸ்டிக் பெட்டியில் பாம்பு. பிளாஸ்டிக் பெட்டியைச் சுற்றி ஒன்றரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல் ஆறு. வீட்டின் வடக்குச் சுவரை ஒட்டித் தரையில் வையுங்கள். டிசெம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் வடக்குச் சுவரில் வெயில் படாது. இரவில் வெளி மூடியைத் திறந்துவிடுங்கள், விடிந்ததும் மூடுங்கள். இரவின் குளிரைப் போத்தல்கள் வாங்கிவைத்துப் பகலைத் தாங்கும். பாம்பு இல்லாமல் ஒரு கிழமை வெறும் பெட்டியை வைத்து அளந்து பாருங்கள். பகல் 3 மணிக்கு உள்ளே 14ஐத் தாண்டினால் போத்தலைக் கூட்டுங்கள். அப்படியும் இறங்காவிட்டால் முழுக் குளிரை விட்டுவிட்டு மெல்லிய வழிக்கே போங்கள்.

இந்த எட்டுக் கிழமையில் தீனி இல்லை, கையில் எடுப்பதும் இல்லை. தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும், மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். குளிரில் தூங்கும் பாம்பு பசியால் சாவது அரிது. தாகத்தால் காய்ந்து சாவதுதான் நடக்கும். இரண்டு கிழமைக்கு ஒருமுறை தராசில் வையுங்கள். எடை பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தாலோ, வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ, மூக்கில் குமிழ் கண்டாலோ அன்றைக்கே சூடேற்றத் தொடங்குங்கள். எட்டுக் கிழமை முடிந்து பழைய சூட்டுக்குக் கொண்டுவந்து ஐந்து நாள் கழித்து, சிறிய எலி ஒன்றோடு தீனியைத் தொடங்கலாம்.

எந்த வழியில் போனாலும் பெண் அதற்குப் பிறகு உரிக்கும் முதல் சட்டைக்காகக் காத்திருங்கள். சட்டை உரித்த பெண்ணின் தோல் வாசனை ஆணுக்குச் செய்தி சொல்லும். பெண்ணை ஆணின் பெட்டியில் விட்டுப் பக்கத்தில் இருந்து பாருங்கள். பிணைந்து பிரிந்ததும் வேறாக்கி, மூன்று நாலு நாளுக்கு ஒருமுறையாக இரண்டு கிழமை திரும்பச் செய்யுங்கள். இணைசேர்ந்து 30 முதல் 45 நாளில் முட்டை. அதற்குப் பத்து நாள் முன்னே இன்னொரு சட்டை உரிக்கும். அப்போது மூடியில் வாசல் வெட்டிய ஐஸ்கிரீம் பெட்டியில், பிழிந்தால் சொட்டாத அளவு நனைத்த தும்புத்தூளை நிரப்பி உள்ளே வையுங்கள். வைக்காவிட்டால் தண்ணீர்ப் பாத்திரத்தில் இட்டு முட்டை மூழ்கும்.

கணக்குப் போட்டால், டிசெம்பரில் தொடங்கிய வேலை ஏப்ரல், மே மாதத்தில் முட்டையாகும். உங்கள் பக்கத்தில் மே மாதக் கடைசியில் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும். காற்று, மூட்டம், நாள் முழுக்க வெயில் காணாத ஈரம், கரண்ட் போவதும் வருவதும். பதுளை, பண்டாரவளைப் பக்கம் அந்த மாதங்கள் காய்வாக இருக்கும். உங்களுக்கோ முட்டைக்கு நிலையான சூடு வேண்டிய இரண்டு மாதமும் வருடத்தின் மிக மோசமான இரண்டு மாதம். டிசெம்பர்க் குளிரைப் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள், ஜூன் குளிரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. சினைப்பட்ட பெண்ணுக்கு 28, 29 பாகை மூலை ஒரு நாளும் இல்லாமல் போகக் கூடாது; குளிரில் தசை சோர்ந்து முட்டை உள்ளே சிக்கிக்கொள்ளும். சில முட்டை இட்டு, 48 மணி நேரம் கழித்தும் வயிற்றில் கட்டி தெரிந்தால் நீங்கள் அமுக்கிப் பார்க்காமல் வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

கோர்ன் முட்டையை அடைகாக்க விலை கூடிய கருவி தேவையில்லை. ரெஜிபோம் பெட்டியின் அடியில் பத்து சென்ரிமீற்றர் தண்ணீர், அதற்குள் மீன்தொட்டி ஹீட்டர், தண்ணீருக்கு மேலே செங்கல்லில் முட்டைப் பெட்டி. முட்டைப் பெட்டிக்குள் ஈரம் பிடித்துவைக்கும் கனிமத் துகளான வேர்மிகியூலைட்டும் தண்ணீரும் எடைக்கு எடை சமம். முட்டைப் பெட்டிக்குள் 27, 28 பாகை வரும்வரை ஹீட்டரை நகர்த்தி அமையுங்கள். 32ஐத் தாண்டினால் முதுகெலும்பு கோணிய குட்டிகள் வரும். வெளி மூடியைச் சாய்வாக வைத்தால் வியர்க்கும் நீர் முட்டையில் சொட்டாமல் ஓரமாக வடியும். முட்டையின் மேல்பக்கத்தில் பென்சிலால் புள்ளி வைத்து, அந்தப் பக்கம் மேலேயே இருக்கும்படி விடுங்கள். கோழி முட்டைபோல் புரட்டினால் கரு செத்துவிடும். ஏறக்குறைய 60 நாளில் பொரிக்கும். இந்தத் தண்ணீர்ப் பெட்டிக்கு இன்னொரு நன்மை உண்டு: கரண்ட் போனால் சூடு உடனே இறங்காது. பாம்புப் பெட்டிகளுக்கு அது கிடையாது. கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் நிரப்பிய போத்தல்களைத் துணியில் சுற்றி உள்ளே வையுங்கள். கொதிநீர் வேண்டாம்.

முட்டைக்கு முன்னால் அனுமதிப் பத்திரம் பற்றியும் பேச வேண்டும். 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் நமது மலைப்பாம்பு முதலானவற்றைப் பிடித்து வைத்திருப்பதைத் தடுக்கிறது. வெளிநாட்டுப் பாம்பைக் கொண்டுவருவதற்கும் வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். போல் பைத்தன், காட்டுயிர்களின் சர்வதேச வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருப்பதால் அதற்கு அந்தப் பத்திரமும் தேவை. பாம்புகள் எப்படி உங்கள் கைக்கு வந்தன என்று கடிதத்தில் எழுதவில்லை. பத்திரம் உங்கள் பெயரில் இல்லையென்றால் சோடி சேர்ப்பதைத் தள்ளிவைத்துவிட்டு, முதலில் திணைக்களத்தோடு பேசுங்கள். கோர்ன் ஒன்றே பன்னிரண்டு, பதினைந்து முட்டை இடும். அத்தனை குட்டியையும் பத்திரம் இல்லாமல் விற்கவும் முடியாது, கொடுக்கவும் முடியாது. தேயிலை மலையில் விட்டுவிடலாம் என்ற எண்ணம் ஒருபோதும் வேண்டாம். புளோரிடாவில் பரவிய பர்மியப் பைத்தன்கள் அங்கிருந்த பாலூட்டிகளை என்ன பாடு படுத்தின என்பது உலகமறிந்த சங்கதி.

இந்தக் கிழமையே செய்ய வேண்டியது, சளி பிடித்த ஆண் போல் பைத்தனை வைத்தியரிடம் காட்டுவது. இத்தனை மாதம் நீடித்த சளி சூட்டால் மட்டும் போகாது. வாய்க்குள்ளிருந்து மாதிரி எடுத்து எந்தப் பக்டீரியா என்று பார்த்தே ஊசி போட வேண்டும். கடையில் கோழிக்கோ நாய்க்கோ கொடுக்கும் மருந்தை நீங்களாக அளந்து கொடுக்காதீர்கள். அளவு தவறினால் சிறுநீரகம் கெடும். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய பீடத்துப் போதனா வைத்தியசாலை உங்களுக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. பாம்பு கொண்டுவருவதாக முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லுங்கள். அதுவரை மற்ற மூன்றிலிருந்தும் வேறு அறையில், 28க்குக் குறையாத காற்றில், 32 பாகை மூலையோடு வையுங்கள். அதன் பெட்டியைக் கடைசியாகச் சுத்தம் செய்யுங்கள், கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். கொண்டுபோகும் நாளில் பருத்திப் பையில் கட்டி, துளையிட்ட ரெஜிபோம் பெட்டியில், துணி சுற்றிய வெந்நீர்ப் போத்தல் ஒன்றோடு வையுங்கள். நுவரெலியா ஏறி றம்பொடை வழியாக இறங்குவதைவிட ஹட்டன், கினிகத்தேனை, நாவலப்பிட்டி வழி அதற்குக் குளிர் குறைவு.